மாடிக் கூண்டில் நாலு காடை

— அந்த முட்டைய இப்படிக் குடு. ஆம்லெட்டுக்கு வேணும்.

— வேணாம்க்கா. சேத்து வைக்கச் சொல்லியிருக்காரு நம்ம மாமனாரு. இன்குபேட்டர் வாங்கப் போயிருக்காரு.

— என்னது?

— முட்டைய உள்ள வெச்சா சூடு குடுத்துக் குஞ்சு பொரிச்சுத் தர்ற பெட்டி.

— போன மாசம்தான்டி இந்தக் கூண்டத் தூக்கித் தெருவுல போடுன்னு குதிச்சாரு!

— அது காடை முட்டை போடாம இருந்தப்ப. இப்பதான் தினம் ஒண்ணு கெடைக்குதே. மூட்டு வலியே போயிடுச்சாம். என்ன இருந்தாலும் வீட்டு முட்டை, கடை முட்டையில இந்த ருசி வருமாங்குறாரு.

— ம்க்கும்...

— ஏன்க்கா இருமுறீங்க?

— தீவனத் தூசி. மகாராணி உன் அரண்மனையக் கூட்டிப் பெருக்கக் கூடாதா?

— காலையிலயே பெருக்கியாச்சு. குஞ்சு பொரிச்சா நல்லதுதானே? அப்புறம் கூண்ட யாரும் தொட மாட்டாங்க. இதுவும் போச்சுன்னா பகல் முழுக்க நான் யார்கிட்டக்கா பேசுறது?

— குஞ்செல்லாம் வேணாம்டி! நாலு காடைக்கே மாடி நாறுது. துணி காயப் போட முடியல. இதுல...

— உங்களுக்கு என்ன பதட்டம்? நீங்களா அடைகாக்கப் போறீங்க?

— எனக்கென்ன பதட்டம்? எல்லா முட்டையும் பொரியாதுன்னு சொன்னேன், அவ்வளவுதான்.

— ஏன் பொரியாது?

— அதுங்க மூஞ்சியப் பாரு. குடும்பம் நடத்துற மூஞ்சியா?

— இந்தாங்க, தொட்டுப் பாருங்க. சில்லுன்னு இல்ல?

— பனி.

— இந்த வெயில்லயா?

— ... சில காடைக்கு ஒடம்பு குளிர்ச்சி.

— ஆமாமா. ஃப்ரிட்ஜுல வளர்ந்த காடை.

— என்னடி, குத்திக் காட்டுற?

— நான் எங்க குத்துனேன்? நேத்து முட்டையில கடை ஸ்டிக்கர் பாதி ஒட்டியிருந்துச்சு. முட்டையும் போட்டு விலையும் ஒட்டி வெச்சிருக்கே, என்ன பொறுப்புன்னு அசந்துட்டேன்.

— ஐயோ... நல்லாப் பாத்துத்தானே உரிச்சேன்!

— என்னத்த உரிச்சீங்க?

— வெங்காயம்.

— அக்கா...

— சரி, நான்தான் வெச்சேன்! போதுமா? பால் வாங்கப் போறப்ப டப்பா டப்பாவா வாங்கிட்டு வந்து, நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு ஒண்ணா வெச்சேன். இப்ப அந்த மனுஷன் கடை முட்டையப் பெட்டியில வெச்சு, ஒண்ணும் பொரியலேன்னா கூண்டும் போச்சு, என் மானமும் போச்சு. எப்படியாவது அவரக் கொஞ்ச நாள் தள்ளிப் போட வை. அதுக்குள்ள இதுங்களே போட்டுடும்.

— போடாது.

— ஏன் போடாது? நல்லாத்தானே திங்குதுங்க, என் வீட்டுக்காரர் மாதிரி.

— நெஞ்சப் பாருங்க. பெட்டைன்னா கருப்புப் புள்ளி இருக்கும். இதுங்களுக்கு ஒரு புள்ளி இருக்கா? வெறும் செங்கல் கலர். நாலும் சேவல்க்கா. கடைக்காரன் நல்லா என் தலையில கட்டிட்டான்.

— நாலுமா?

— நாலும்.

— அடிப்பாவி! உனக்கு எப்பத் தெரியும்?

— வாங்கிட்டு வந்து கொஞ்ச நாள்லயே. கூவ ஆரம்பிச்சுதே.

— அப்போ மொத முட்டை அன்னிக்கு, 'அக்கா, போட்டுடுச்சு, போட்டுடுச்சு'ன்னு மாடியில இருந்து கத்திக்கிட்டு ஓடி வந்தியே?

— நல்லா நடிச்சேனா?

— எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு... நான் திருடி மாதிரி செருப்பக் கையில புடிச்சுக்கிட்டுப் படியேறுறேன். நீ கீழ படுத்துக்கிட்டு சிரிச்சிருக்க!

— சிரிக்கலக்கா.

— ஊர்ல ஓரகத்திங்க ஒருத்தி முடிய ஒருத்தி புடிச்சு இழுத்துக்குவாங்க. நான் என்னடான்னா உன் சேவலுக்கெல்லாம் முட்டை போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— சொன்னா நிறுத்திடுவீங்க.

— நிறுத்தாம? இன்னும் நாலு டப்பா வாங்கி அடுக்கவா? ஒரு கடை முட்டை... அதுல அப்படி என்னடி கண்ட?

— அன்னிக்கு மாமனாரு சாப்பிட்டுக்கிட்டே, 'முட்டை போடாத ஜென்மத்துக்கெல்லாம் இந்த வீட்ல தீனி எதுக்கு'ன்னாரு. காடையத்தான் சொல்றாருன்னு எல்லாரும் சிரிச்சாங்க. என் புருஷனும் சிரிச்சாரு. இந்த வீட்ல புள்ள பெறாதவ நான் ஒருத்திதான்... நீங்க மட்டும் சிரிக்காம பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போனீங்க. மறுநாள் கூண்டுல முட்டை இருந்துச்சு. அத எப்படிக்கா வேணாம்னு சொல்லுவேன்?