சந்தனம் பூசிய ஜப்பான் துப்பாக்கி

கருணாகரா, அந்த மிக்சர் பொட்டலத்தை மடித்து வை. இது தின்றுகொண்டே கேட்கிற கதை இல்லை. கரண்ட் வருகிறபோது வரட்டும், எல்லாரும் கிட்டே வந்து உட்காருங்கள்.

பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று எவன் சொன்னான்? இது மத்தியானம் மூன்று மணி. அக்னி நட்சத்திர வெயில். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்து... நாய்கூட இல்லை. என் ஆபீஸ் விஜயராகவனின் மச்சினன் ஸ்ரீவத்சன், வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து துப்பாக்கி தேய்த்துக்கொண்டிருந்தான்.

சிரிக்காதீர்கள். அவன் தாத்தா பட்டாளத்தோடு பர்மா போய்க் கொண்டுவந்தது. லைசன்ஸ் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வந்தது. அப்பா போன வருஷம் போய்விட்டார். இவன் பெயருக்கு மாற்ற, அது என்ன ரகம், என்ன நம்பர் என்று சொல்ல வேண்டும். நம்பர் எங்கே தெரிகிறது? அந்த வீட்டில் ஒருத்தரும் அதை எண்ணெய் போட்டுத் துடைத்ததில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை படைப்பார்கள். பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம். போன வருஷம் தீட்டு. பண்டிகை கிடையாது, பொரியும் கிடையாது.

துப்பாக்கி ரிப்பேர் செய்கிற இனாயத்தை வரவழைத்திருந்தான். பிரஷ் போடப் போட, சந்தனம் பக்குப் பக்காகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் இரும்பில் ஒரு பூ.

"ஜப்பான் அரிசாகா சார். இந்தப் பூ அவங்க ராஜா முத்திரை. தோத்துப்போய் ஒப்படைச்சதுல பூவ ராவிட்டுத்தான் குடுப்பாங்களாம். இதுல முழுசா கீது. இத்த யாரும் குடுக்கல சார்."

"தாத்தா பிடுங்கிண்டு வந்தது," என்றான் ஸ்ரீவத்சன். பெருமை!

துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றிக் கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி வெயிலில் வைத்தார்கள். மரத்தில் ஊறிய பழைய எண்ணெய் கசிந்து வரும் என்றார் இனாயத். வந்தது... எண்ணெயா அது? மஞ்சளாக, வழவழவென்று, நாலு நாள் மாற்றாத பனியன் நாற்றம். அதற்கும் அடியில் கெட்டுப்போன கொழுப்பு வாடை. வெங்காயம்கூட நுழையாத வீட்டில்! பழைய வேட்டியால் துடைத்தான். துடைக்கத் துடைக்க ஊறியது.

அப்புறம் குழலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கம்பியால் குத்தினார்கள். ப்ளக்... ஒரு சுருள் விழுந்தது. ஊறி உப்பி, ரத்தம் குடித்த அட்டை மாதிரி. இனாயத் அதைக் குச்சியால் விரித்தார். தோல். இடுப்பு வாரின் துண்டு. ஓரமெல்லாம் பல் தடம்.

"அந்த ஜப்பான் சிப்பாய் பசியில கட்ச்சிக்கீறான் சார். மீதிய ஒளிச்சி வச்சிக்கீறான்."

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு இனாயத் கிளம்பிவிட்டார்.

நாற்றம் ஸ்ரீவத்சன் கையில் ஒட்டிக்கொண்டது. சீயக்காய், புளி, எலுமிச்சம்பழம்... எதற்கும் போகவில்லை. அவனுக்கு மூன்று வயதில் ஒரு பெண், மைதிலி. அப்பா கையால் ஊட்டினால்தான் அவளுக்குச் சாதம் இறங்கும். அந்தக் கை கிட்டே வந்ததும் ஓங்கரித்து வாந்தி எடுத்தாள்.

"அந்தக் கையோட கொழந்தைகிட்ட வராதேங்கோ!" என்று அவன் பெண்டாட்டி ஜெயஸ்ரீ கத்தினாள். ஆனால் அம்மா ஊட்டினாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பால்கூடத் தங்கவில்லை. இனிமேல் டிரிப்ஸ்தான் என்றுவிட்டார் டாக்டர். குழந்தை துணி மாதிரி கிடந்தாள்.

தாத்தாவும் வேண்டாம், பெருமையும் வேண்டாம் என்று ஸ்ரீவத்சன் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தான். தலைமுழுகினான். தயிர்சாதம் குழையப் பிசைந்து, பயந்து பயந்து ஒரு வாய் நீட்டினான்.

வாங்கிக்கொண்டாள். இன்னொரு வாய். இன்னொன்று. ஜெயஸ்ரீ அழுதேவிட்டாள். கிண்ணம் காலி. மறுபடி பிசைந்தான். அதுவும் காலி. குக்கரில் இருந்த அத்தனை சாதமும் போயிற்று... அவள் மெல்லவே இல்லை, விழுங்கினாள்.

சாதம் தீர்ந்ததும் அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். விரல் விரலாக நக்கினாள். நகக்கண்ணில் தங்கியிருந்த அந்த மஞ்சள் பிசுக்கை உறிஞ்சினாள். உர்ர்ப்... உர்ர்ப்... அவன் கையை இழுத்துப் பார்த்தான், வரவில்லை.

பிறகு அண்ணாந்து அப்பா முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். கட்டைவிரலை மெதுவாக அவன் முழங்கைச் சதைக்கு நகர்த்தி, அங்கங்கே அழுத்திப் பார்த்தாள்... காய்கறிக் கடையில் கத்திரிக்காய் இளசா முற்றலா என்று பார்ப்பார்களே, அப்படி.