ரோபோவுக்கு ஏது குதிகால்?

குடவாசல் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் அறுபதைத் தாண்டிய ஓர் அக்காவும் தம்பியும். அக்கா எழுதிய சிறுவர் நாவலின் கையெழுத்துப் பிரதி தம்பியின் மடியில்.

“தண்ணியத் திருடினது ரோபோ இல்லக்கா.”

“ரோபோதான்டா. செவ்வாய் கிரகத்துல வரப்பை வெட்டி, அடுத்த வயல் தண்ணிய இந்த வயலுக்குத் திருப்பிடுது. கதையில வர்ற அக்காவும் தம்பியும் துப்பறிஞ்சு கண்டுபிடிக்கிறாங்க.”

“வெட்டின எடத்தைத் திரும்ப அடைச்ச சேத்துல குதிகால் தடம்னு எழுதியிருக்க. ரோபோவுக்கு ஏது குதிகால்?”

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சின்ன வயசுல நம்ம நாத்து கருகினப்போ, பக்கத்து வயல் வரப்பை வெட்டினது நாந்தான்க்கா. ஊரே தேடிச்சு.”

“தெரியும்டா. ஆளுங்க வர்றதுக்குள்ள உன் தடத்தை மிதிச்சு அழிச்சதே நாந்தான். பழி ரோபோ மேலயே இருக்கட்டும்.”