தடிச்ச எழுத்துல இருக்குற பேரு

ஜன்னல் கிட்ட நிக்காதம்மா தமிழ்மொழி, வந்து ஒக்காரு. கீழ படிக்கட்டுல இருக்குறது யாருன்னுதானே கேட்ட? அது பட்டினச்சேரி செல்லம். ஐஸ் பேக்டரில கரண்டு அடிச்சு செத்துப்போனாருல்ல எலக்ட்ரீசியன் குணசேகரன், அவரு சம்சாரம். காலைலேருந்து அங்கதான் இருக்கு. டீ குடுத்தனுப்புனேன், தொடவேயில்ல. சத்தம் போட்டாக்கூட சமாளிச்சுடலாம். சும்மா ஒக்காந்திருக்கு பாரு, அதத்தான் சமாளிக்க முடியல.

என்ன வேணுமாமா? ஒண்ணே ஒண்ணுதான். அந்த பேக்டரிக்கு கரண்டு டிராயிங் வரைஞ்சது யாரு. பேரச் சொல்லுங்க, எந்திரிச்சுப் போயிடுறேங்குது. சரி, அத விடு. நாம கம்ப்யூட்டர் பாடத்தப் பாப்போம்.

மேடமெல்லாம் வேணாம், அக்கான்னே கூப்புடு. வரிச்சிக்குடிலேருந்து பஸ் புடிச்சு வர்ற புள்ள, நம்ம வூட்டுப் புள்ள மாதிரி. சொல்லு பாப்போம், பிராஜக்ட்னா என்ன? ஆங். ஒரு பேக்டரிக்கு ஒரு பிராஜக்ட். படம் வரைஞ்ச ஷீட்டு எத்தன இருந்தாலும் ஒரே ரேஷன் கார்டுல இருக்குற குடும்பம் மாதிரி. ஒவ்வொண்ணா தெறந்து பேரு எழுதிக்கிட்டு நிக்கக் கூடாது. விவரத்த ஒரு எடத்துல அடிச்சா அத்தன ஷீட்டுலயும் போயி ஒக்காந்துக்கும்.

பழகுறதுக்குன்னு நான் குடுத்த படம் தெறந்திருக்கா? நல்லது. விவரத்துல வரைஞ்சவர்னு ஒரு கட்டம் இருக்கும் பாரு. உன் பேரையே அடி. வெக்கம் என்ன இதுல? அப்பா தெட்சிணாமூர்த்திதானே, இனிஷியலோட அடி. தேதியத் தொடாத, அது இருக்குறபடியே இருக்கட்டும். எல்லா ஷீட்டுக்கும்னு டிக் போட்டுக்க. இரு, இன்னும் அழுத்தாத.

குணசேகரன் எப்படி செத்தாருன்னா கேக்குற? மீன்பிடி தடைக்காலம் முடியப்போற நேரம். போட்டெல்லாம் கடலுக்குப் போவும், ஐஸ் இல்லன்னா மீனு நாறிடும்னு பேக்டரிக்காரரு உசுர எடுத்தாரு. புதுசா வரைய நேரமேது? வரிச்சிக்குடி ரைஸ் மில் பிராஜக்ட அப்படியே காப்பி பண்ணுடா, பேர மட்டும் மாத்து, மிச்சத்த அப்பறம் பாத்துக்கலாம்னு மணிவேல்கிட்ட... யாரோ சொல்லியிருக்காங்க. யாருன்னு இப்ப என்ன? பேரு மாறிச்சு, உள்ள சுவிட்ச் நம்பரு மாறல. பாவம் அந்த மனுஷன், டிராயிங்ல எந்த சுவிட்ச் நம்பரு இருந்துச்சோ அத ஆப் பண்ணிட்டுத்தான் கைய வெச்சிருக்காரு. ரைஸ் மில்லா இருந்தா உசுரோட இருப்பாரு.

மணிவேலு இப்ப எங்கயா? நீ ஒக்காந்திருக்க பாரு, இந்த நாற்காலிதான் அவனுது. வெளிநாட்டுக்குப் போயிட்டான். போறப்ப அத்தன ஷீட்டுலேருந்தும் தன் பேர அழிச்சுட்டுல்ல போயிருக்கான், கெட்டிக்காரன். பேக்டரில இருந்த காப்பி சுவிட்ச் பேனலோட கருகிப்போச்சு. சாயங்காலம் விசாரணைக்கு அதிகாரி வர்றாரு. வரைஞ்சவர் கட்டம் காலியா இருந்தா என்னம்பாரு? மங்கையர்க்கரசி, ஆபீஸ் ஒன்னுதுதானே, நீதான் வரைஞ்சிருக்கேம்பாரு. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு.

என்னாத்துக்கு மூஞ்சி வாடுது? உனக்கென்ன. அழுத்து இப்ப.

ஆச்சா? பாத்தியா, கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள. என்னது, தெறந்திருக்குற படத்துல உன் பேரு வரலியா? நேத்தே சொன்னேனே கண்ணு, காதுல வாங்கல நீ. கண்ணு முன்னாடி எந்தப் படம் தெறந்திருக்குங்குறதெல்லாம் கணக்கே இல்ல. இடது பக்கம் வரிசையில, எல்லாத்துக்கும் மேல, தடிச்ச எழுத்துல எந்த பிராஜக்ட் பேரு நிக்குதோ, நீ பண்றதெல்லாம் அதுக்குத்தான் போவும். காலைல அத நான்தான் மாத்தி வெச்சேன். பாரு மேல. சத்தமாப் படியேன்.

ஆமா. பட்டினச்சேரி ஐஸ் பேக்டரி.

அழாத, அழாத. சித்திரைலேருந்தே பயிற்சின்னு வந்துக்கிட்டிருந்தியே, டிராயிங்ல இருக்குற தேதிக்கும் ரிஜிஸ்டர்ல உன் கையெழுத்துதானே இருக்கு? பழகுற புள்ள, தெரியாமப் பண்ணிடுச்சுன்னா பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. பண்ணுனாலும் அக்கா நான் இருக்கேன்.

மாத்திடுறியா? அங்க பிரிண்டர் ஓடுற சத்தம் கேக்கல உனக்கு? மேல இருக்குற மொத ஷீட்ட மட்டும் எடுத்துக்க. கீழ கொண்டு போயி அந்த செல்லத்துக்கிட்ட குடுத்துடும்மா. பாவம், காலைலேருந்து பச்சத்தண்ணி கூட குடிக்கல அது.