தவளை கத்தினா இன்னும் ரெண்டு அடி

ஷர்மினி: சார்... சுகுமாறன் சார்! கொஞ்சம் மேல வாங்க, தவளை கத்துது!

சுகுமாறன்: கத்தட்டும் டீச்சர். வெள்ளம் வந்தா அது கத்தணும்னுதானே மானியத்துக்கு நாயா அலைஞ்சோம்?

ஷர்மினி: வெளையாடாதீங்க சார். நிக்காம கத்துது.

சுகுமாறன்: வர்றேன், வர்றேன்... படியெல்லாம் ஈரம். போன வாரம் மாதிரி தூறலுக்கே கத்துதோ என்னமோ. ஒயர்ல தண்ணி பூந்திருக்கும்.

ஷர்மினி: ஒயர் நல்லாத்தான் இருக்கு, பாத்துட்டேன். பாலத்துத் தூண்ல கட்டுன எண்ணெய் போத்தல ஆத்துத் தண்ணி தூக்கிருச்சு. அதான் இங்க வகுப்புல சைரன் அடிக்குது.

சுகுமாறன்: பாருங்க, சின்ன மானியம்தான், ஆனா பிள்ளைங்க என்னமா செஞ்சிருக்குங்க! அந்தப் போத்தலுக்குத் தவளைக் கண்ணு வரைஞ்சது யாரு, வைஷ்ணவியா?

ஷர்மினி: அந்த வைஷ்ணவியும் வேன்லதான் சார் இருக்கா!

சுகுமாறன்: எந்த வேன்ல?

ஷர்மினி: வெள்ளையம்மாக்கா வேன்ல. திங்கக்கிழமைக்கு ஒத்திகை முடிஞ்சு இப்பத்தான் பிள்ளைங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு எஸ்டேட்டுப் பக்கம் கெளம்புனாங்க. அந்தப் பாலத்து மேலதான் போவணும்.

சுகுமாறன்: அலமாக்... அதுக்கா இப்படிப் பதறுறீங்க? பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்தோம்? சொல்லுங்க பாப்போம்.

ஷர்மினி: சார், இப்ப போயி...

சுகுமாறன்: சொல்லுங்க லா.

ஷர்மினி: தவளை கத்தினா... பாலத்துக்கு இன்னும் ரெண்டு அடி.

சுகுமாறன்: ஆங்! ரெண்டு அடி. சரி, ஒரு அடின்னே வெச்சுக்குவோம். அப்பவும் நேரம் இருக்கு. தண்ணி ஏறுறதுக்குள்ள அதுங்க வீட்டுல உக்காந்து மீ கோரெங் சாப்பிட்டுட்டு இருக்கும்.

ஷர்மினி: போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்க சார்.

சுகுமாறன்: நிறுத்தி? அந்த ரோடு பள்ளம் டீச்சர். ரெண்டு பக்கமும் லோங்காங் நெறஞ்சு ஓடுது. எது ரோடு, எது சாக்கடைன்னே தெரியாது. பாலத்தத் தாண்டிட்டா அந்தாண்ட மேடு. நிக்கிறத விட போறதுதான் நல்லது.

ஷர்மினி: இல்ல சார், நான் என்ன சொல்ல வர்றேன்னா...

சுகுமாறன்: எனக்கு பயமே வேற. திங்கக்கிழம மானியம் குடுத்த அறக்கட்டளைக்காரங்க வந்து நிக்கறப்ப இது சும்மா கத்தக் கூடாது. போன வாரம் தலைமையாசிரியை என்ன சொன்னாங்க? "இன்னொரு தடவ கத்துச்சு, கழட்டி லோங்காங்ல வீசிருவேன்"னாங்க. பிள்ளைங்க மொகத்தப் பாக்க முடியல.

ஷர்மினி: அதுக்காகத்தான் சார்...

சுகுமாறன்: எதுக்காக?

ஷர்மினி: ஒண்ணுமில்ல... நீங்க போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.

சுகுமாறன்: போட்டாச்சு. அடிக்குது... அடிக்குது... எடுத்துட்டாங்க. அக்கா, தாண்டிட்டீங்களா?

வெள்ளையம்மா: எங்க சார் தாண்டுறது? பாலத்துக்கிட்ட நிக்கிறேன். ஏய், உக்காருங்க லா! கண்ணாடியத் தொறக்காத!

சுகுமாறன்: ஏன்க்கா நின்னீங்க?

வெள்ளையம்மா: பாலத்து மேல தண்ணி மினுங்குது சார். பேஞ்ச மழை தேங்கி நிக்குதா, ஆறு ஏறிருச்சான்னு தெரியல. வைப்பர் போட்டும் கண்ணு தெரிய மாட்டேங்குது.

ஷர்மினி: போவாதீங்கக்கா!

சுகுமாறன்: டீச்சர், இருங்க. அக்கா, அது மழத்தண்ணியாத்தான் இருக்கும். தவளை இப்பத்தான் கத்த ஆரம்பிச்சுது.

வெள்ளையம்மா: இந்த வாலுங்களும் அதத்தான் சொல்லுதுங்க. கத்துற சத்தம் இங்க வரைக்கும் கேக்குதாம். "இன்னும் ரெண்டு அடி, இன்னும் ரெண்டு அடி"ன்னு பாட்டு வேற.

ஷர்மினி: ஐயோ...

வெள்ளையம்மா: சார், பின்னாடி ரோட்டுலயும் தண்ணி வந்துருச்சு. போனா இப்பவே போவணும். இல்லாட்டி ரிவர்ஸ்லயே ஸ்கூல் பக்கத்து மேட்டுக்கு ஏறணும். பின்னாடி ஒண்ணும் தெரியல. சீக்கிரம் சொல்லுங்க.

சுகுமாறன்: போங்கக்கா. மெதுவா, நடுவுல புடிச்சு...

ஷர்மினி: ரெண்டு அடி இல்ல!

சுகுமாறன்: என்னது?

ஷர்மினி: ரெண்டு அடி இல்ல சார்... ஒரு அடிதான். வியாழக்கிழம நான் போயி அந்தப் போத்தல ஒரு அடி மேல ஏத்திக் கட்டிட்டேன். அளவு காட்டுற சிவப்பு டேப்பையும் பிச்சு மேல ஒட்டிட்டேன்.

சுகுமாறன்: டேப்பையுமா?

ஷர்மினி: யாரும் கண்டுபுடிக்கக் கூடாதுன்னுதான். வர்றவங்க முன்னாடி சும்மா கத்திருச்சுன்னா அடுத்த வருசம் மானியம் குடுக்க மாட்டாங்க சார். பிள்ளைங்க அவ்வளவு ஆசையா...

வெள்ளையம்மா: அட ஆத்தா! டீச்சர், அப்ப ஒரு அடியாவது இருக்குல்ல?

ஷர்மினி: இருக்கு... இருக்கும். ஒரு அடி இருக்கு. சார், ஒரு அடி போதும்ல? சார்? சொல்லுங்க சார்!

வெள்ளையம்மா: ஒரு அடி இருந்தா போதும், நான் போயிருவேன். கியர் போட்டுட்டேன். பிள்ளைங்களா, கம்பியப் புடிச்சுக்குங்க.

சுகுமாறன்: அக்கா, வேணாம்! பிரேக்க மிதிங்க! ரிவர்ஸ் எடுங்க!

வெள்ளையம்மா: இப்பத்தானே போகச் சொன்னீங்க! பின்னால எடுத்து லோங்காங்ல விழுந்தா இத்தன பிள்ளைங்கள யாரு தூக்குறது? ஒரு அடி இருக்குன்னு டீச்சரே சொல்றாங்கல்ல?

சுகுமாறன்: ஒரு அடியும் இல்லக்கா... நேத்து சாயங்காலம் நானும் போனேன். அந்த டேப்புதான் பழைய அளவுன்னு நெனச்சு, அங்கருந்து போத்தல இன்னும் ஒரு அடி மேல தூக்கிக் கட்டிட்டு வந்துட்டேன். உங்க முன்னாடி மினுங்குறது ஆறுக்கா.