சேனாபதியின் தலை அளவு

கிரீடத்துக்கு அட்டை வெட்டியவன் நான்தான். எடிசன் என்கிற இந்த அமெரிக்க ஊரில், எங்கள் தமிழ் நாடகக் குழுவில் வேறு யாரும் கத்தரிக்கோலைத் தொடமாட்டார்கள். நூல் பிடித்து அளந்துதான் வெட்டினேன், சேனாபதியின் தலைக்கு. சேனாபதி வேஷமல்ல, ஆள் பெயர்.

பழைய இங்கிலாந்து அரண்மனைக் கதை. சிரித்துப் பேசியே அண்ணனைக் கப்பலேற்றிவிட்டு, துறைமுகத்தை அடைத்து, அரியணையில் உட்காரும் தம்பி. எழுதி இயக்கியவர் விஷாகா. ஒன்பது வருஷமாக எனக்கு மந்திரி வேஷம். இந்தத் தடவை ராஜா நான்தான் என்று வீட்டில்கூடச் சொல்லிவைத்திருந்தேன். நேற்று வந்த சேனாபதி ஒரே ஒரு வசனம் படித்தான். விஷாகா எழுந்து நின்று கைதட்டி, ராஜா வேஷத்தை அவனுக்கே கொடுத்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மார்ச்சில் சென்னையில் அவன் அம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவனுடைய கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நின்றது. பழைய விசாவும் முடிந்திருந்தது. பயண அனுமதி கைக்கு வராமல் கிளம்பினால் விண்ணப்பம் செத்தது, திரும்பி வர வழியில்லை. எங்கள் ஆட்கள் இதையெல்லாம் வக்கீலிடம் கேட்பதில்லை. முன்னால் கார்டு வாங்கியவனைக் கேட்பார்கள்.

"பத்மநாபன் அண்ணா, பர்மிட் அப்ளை பண்ணி மூணு மாசமாச்சு. வெயிட் பண்ணட்டுமா?"

"அம்மாவ விடவா பெருசு? டிக்கெட் புக் பண்ணு. நீ அங்க இருக்கறப்பவே அப்ரூவ் ஆயிடும். நானும் அப்படித்தான் போயிட்டு வந்தேன்."

நான் போகவில்லை. அந்த அனுமதிக்குக் காத்திருந்து அப்பாவின் காரியத்துக்கே போகாதவன் நான். நூவார்க் விமான நிலையத்தில் சேனாபதியின் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.

அவன் திரும்பி வர முடியாமல் சென்னையிலேயே நின்றுபோனான். அவன் மனைவி மீனாக்ஷியும் மகள் ஷ்ரேயாவும் இங்கே வீட்டைக் காலி செய்கிறார்கள். அட்டைப் பெட்டிகள் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"உங்களுக்கு லக் இருந்துச்சுண்ணா, எங்களுக்கு இல்ல" என்றாள் மீனாக்ஷி.

நாடகம் நடந்தது. நான்தான் ராஜா. உள்ளே டிஷ்யூ அடைத்தும் கிரீடம் இரண்டு தடவை கண்ணை மறைத்தது. சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் யாரோ, "சேனாபதி பண்ணியிருந்தா வேற லெவல்" என்றார்கள். பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள்.

ஆமாம், தெரிந்தேதான் அனுப்பினேன். பொறாமையெல்லாம் அந்த மேடையோடு போய்விட்டது. அடுத்த வருஷமும் ராஜா கதைதான், ராஜா வேஷம் எங்கள் குழுவிலேயே இருக்கும் மாதவுக்காம். அவனுக்கும் கிரீன் கார்டு பாதியில் நிற்கிறது. எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.