இல்க்காவின் விரல்

கொழுப்பு சும்மா கெடக்கலையாம்மா! கேட்டீங்களா கதைய? நம்மள இங்க காக்க வச்சிட்டு உள்ள உக்காந்திருக்காளே ஹென்னா, அந்த நர்ஸு, நேத்துப் படிப்ப முடிச்சிட்டு வந்த பொண்ணு, எனக்குப் பாடம் நடத்துறா. "ரீக்கா, உங்க கொழுப்பு ஹார்மோன் சுரக்குது. அதுல நல்ல ஹார்மோன் கொறஞ்சு போச்சு, கெட்டது கூடிப்போச்சு. இன்சுலின் போய்த் தட்டினாலும் உடம்பு கதவத் தெறக்க மாட்டேங்குது. மாசமா இருக்கிறப்போ இன்னும் மோசமாகும்"னு. என் இடுப்பப் பாத்துக்கிட்டே சொல்றா!

நீங்க ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்க? உங்களச் சொல்லல. நீங்க ஒல்லிதான்.

ஒல்லின்னா மட்டும் என்ன... எங்க வீட்டுல இல்க்கான்னு ஒருத்தர், என் புருஷன். பனிச்சறுக்குக் கட்டைய நிமித்தி வச்ச மாதிரி இருப்பார். கிள்ளக்கூடச் சதை கெடையாது. அந்தாளுக்கு எந்தக் கொழுப்பு வந்து ஹார்மோன் சுரக்குது? அவரு சர்க்கரை ஏன் அப்படி எகிறுது? பெருசா பேச வந்துட்டா!

எனக்கு எப்படித் தெரியும்னா... அது வந்து... ஞாயித்துக்கிழமை சவுனா அறையில ஆவிக் குளியல் போட்டுட்டு வந்தா, மாமியார் காப்பியும் ஏலக்காய் பன்னும் வச்சிருப்பாங்க. வேணாம்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க. ஒண்ணு தின்னேன். சரி, மூணு. அப்புறம் விரலக் குத்திச் சர்க்கரை பாக்குற மெஷின்ல வச்சா, அந்தச் சனியன் போன் வழியா நேரா ஹென்னாகிட்டயே போட்டுக் குடுத்துருது. மறுபடி கொழுப்புப் பாடம் எவ கேக்குறது? அதான் இல்க்காவக் கூப்பிட்டு, விரல நீட்டுங்கன்னேன். ஒல்லி மனுஷன், நல்ல நம்பர் வரும்னு நெனச்சேன்மா.

என்னோடதவிட மோசம்! நடுவுல விரல மாத்தினா நம்பர் திடீர்னு எறங்கி மாட்டிக்குவேன்னு அவர் விரலையே குத்திக்கிட்டிருந்தேன். ஹென்னா அந்த நம்பரப் பாத்துப் பயந்து போய் டாக்டர்கிட்டச் சொல்லி, எனக்கு இன்சுலின் ஊசி வாங்கிக் குடுத்துட்டா. அதையும் ஏத்திக்கிட்டே போறா.

இன்னிக்குக் காலையில ஊசியப் போட்டுட்டு அடுப்படியில நின்னேன். கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது, கண்ணு இருட்டுது. அப்படியே தரையில உக்காந்துட்டேன். கையில கெடைச்ச பன்னத் தின்னதும்தான் கொஞ்சம் தெளிஞ்சுது. உள்ள இருக்கிற குழந்தை அசையவே இல்லம்மா. ரொம்ப நேரம் கழிச்சு ஒரு உதை விட்டுச்சு பாருங்க... அப்பதான் எனக்கு உசிரே வந்துச்சு.

இன்னிக்கு இன்னும் ஏத்தணுமாம். அதுக்குத்தான் வரச் சொல்லியிருக்கா. உள்ள போனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? அவகிட்டப் போய்...

எங்க எந்திரிக்கிறீங்க? உங்களக் கூப்பிட்டாளா? இருங்கம்மா, கதவச் சாத்தாதீங்க... ஹென்னா! ஏ ஹென்னா! அந்த ரத்தம் என்னோடது இல்லம்மா!