சத்தம் போடாத ஸ்கூல் பஸ்

ஞாயிற்றுக்கிழமை, திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு ஸ்கூல் பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். அவர் ஓட்டும் பஸ்ஸில் மகளை அனுப்பும் ஒரு அம்மா, அவரைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

“அண்ணா, உங்க கரண்ட் பஸ்ஸால எம்பொண்ணு ஒத்த சடையோட ஸ்கூலுக்குப் போவுது.”

“இன்னாம்மா சொல்ற?”

“டீசல் பஸ்ஸு கீழ் வளைவுல உறுமும்போதே ரெண்டாவது சடைய ஆரம்பிப்பேன். இப்ப பூனை மாதிரி வந்து நிக்கிறீங்க.”

“ஆரன் அடிக்கிறேனே!”

“வூட்டாண்ட வந்தப்புறம் அடிச்சு இன்னாங்க பண்றது?”

“அப்ப பழைய பஸ்ஸையே கேக்கட்டுமா?”

அந்த அம்மாவின் குரல் சட்டென்று இறங்கியது.

“ஐயோ, வேணாங்கண்ணா. அந்தப் புகை நாத்தத்துல வளைவுக்கு வளைவு புள்ள வாந்தி எடுக்கும். பயந்துகினு காலையில பச்சத்தண்ணி கூட குடிக்காது. ஸ்கூலே வேணாம்னு அழுதுச்சு. இப்பதான் தெனம் நாலு இட்லி துன்னுது.”



“அப்ப லேட்டு என் பஸ்ஸால இல்ல, உன் இட்லியால.”

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

“நாளைக்கு ரெண்டு நிமிஷம் கூடவே நிக்கிறேம்மா. புள்ள நிதானமா சாப்புட்டு வரட்டும்.”